கட்-ஆஃபுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ரிசல்ட் வந்து சேர்க்கைப் பரபரப்பு தொடங்கிவிட்டதால், இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கல்லூரி இடம் பற்றியவைதான். அவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். சில வருடங்கள் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

கேள்வி: என் மகள் இரண்டு கல்லூரிகளைக் குறித்து வைத்திருக்கிறாள். ஒன்றில் விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. இன்னொன்றில் நாற்பது பேருக்குக் கிடைக்கிறது. ‘ஐந்து பேர்தான் நுழைய முடிகிறது என்றால் அதுதானே ஒஸ்தி’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்படித்தானா ஐயா?
– ஒரு தாய்

பதில்: இல்லை அம்மா. வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதற்கு மேல் அந்த ஐந்து சதவீதம் எதையும் சொல்வதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் 100 இடம், மொத்தம் 1,000 மாணவர்கள். ஆளுக்கு ஒரு கல்லூரிக்கு மட்டும், எல்லா இடத்திலும் நூறு நூறு பேராக விண்ணப்பித்தால், எல்லாக் கல்லூரியும் நூற்றுக்கு நூறு பேரைச் சேர்த்துக்கொள்கிறது. அடுத்த வருடம் பயம் பிடித்துக்கொண்டு அதே 1,000 பேரும் பத்துக்குமே விண்ணப்பம் போடுகிறார்கள். இப்போது ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் 1,000 விண்ணப்பம், 100 இடம். ‘பத்து சதவீதம்தான் கிடைக்கிறதாம்’ என்று செய்தி வருகிறது. ஆனால் மாணவர்களும் கூடவில்லை, இடமும் குறையவில்லை, கடைசியில் அத்தனை பேருக்கும் இடம் இருக்கிறது. மாறியது பயம் மட்டும்தான். அந்தச் செய்தியைப் படிக்கிற அடுத்த வருடத்துப் பிள்ளைகள் பதினைந்து இடத்துக்குப் போடுவார்கள், சதவீதம் இன்னும் இறங்கும்.

நிஜத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1975இல் 15 கல்லூரிகள் சேர்ந்து ‘காமன் அப்ளிகேஷன்’ என்ற பொது விண்ணப்பத்தைக் கொண்டுவந்தன. பிற்பாடு அது இணையத்துக்கு வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் சேர்ந்தபோது, ஒரு பிள்ளை கூடுதலாக நான்கைந்து இடத்துக்கு விண்ணப்பிப்பது சுலபமாகிவிட்டது. 2020இல் கொரோனா காரணமாகப் பல கல்லூரிகள் நுழைவுத் தேர்வு மார்க் கட்டாயமில்லை என்றதும் ‘நமக்கும் ஒரு வாய்ப்பு இருக்கும்போல’ என்று இன்னும் பலர் வந்தார்கள். 2022இல் ஹார்வர்டுக்கு 61,000க்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன, 2,000க்கும் குறைவானவர்களுக்கு இடம் கிடைத்தது. கல்லூரி திடீரென்று அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் கிடையாது.

இன்னொரு எண்ணும் உங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள். பியூ ஆய்வு மையம் 2017ஆம் வருடத்துக் கணக்கை வைத்து 1,364 அமெரிக்கக் கல்லூரிகளைப் பார்த்தது. பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களைச் சேர்த்துக்கொண்டவை அதில் 17தான். பாதிக்கும் மேற்பட்ட கல்லூரிகள், வந்த விண்ணப்பங்களில் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலேயோ ஏற்றுக்கொண்டன. அந்தப் பதினேழின் கதைதான் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டே இருக்கிறது.

ரேங்க் பட்டியல் போடுகிறவர்களே இதை ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். ‘யு.எஸ். நியூஸ்’ பத்திரிகை, விண்ணப்பித்தவர்களில் எத்தனை சதவீதத்துக்கு இடம் என்ற கணக்கை 2018இல் தன் தரவரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. அந்தத் தரவரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த புள்ளிவிவரம் சரியில்லை என்று அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022இல் எழுதினார். அந்த வருடமே அது 2ஆம் இடத்திலிருந்து 18க்கு இறங்கியது. அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வகுப்பு அந்த ஒரு வருடத்தில் பதினாறு படி தாழ்ந்துபோயிருக்குமா?

மகளோடு உட்கார்ந்து வேறு சில விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் வருடத்துக்கு யார் பாடம் எடுக்கிறார்கள், அனுபவம் உள்ளவர்களா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் ஒழுங்காகப் படித்து முடிக்கிறார்கள்? ஆய்வகத்தில் பிள்ளைகளின் கை கருவியில் படுகிறதா, தூரத்தில் நின்று பார்க்கிறார்களா? இதற்கெல்லாம் இரண்டாம் வருடம் படிக்கும் மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். அந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: அரை மார்க். அரை மார்க்கில் நான் ஆசைப்பட்ட இடம் போய்விட்டது. இரண்டு வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் படித்தேன். கிடைத்தவனுக்கும் எனக்கும் அப்படி என்ன வித்தியாசம்?
– பள்ளிப் படிப்பை முடித்த மாணவன்

பதில்: தம்பி, உண்மையைச் சொல்கிறேன், உங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. உன் மனம் தேற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, தேர்வு நடக்கிற விதமே அப்படி. அதே தேர்வை அடுத்த வாரம் வேறு கேள்வித்தாளில் எழுதினால் உன் மார்க் நாலைந்து கூடலாம், குறையலாம். அவனுக்கும் அப்படித்தான். அந்த ஆட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே இருப்பவன் உள்ளே, கீழே இருப்பவன் வெளியே என்கிறோம். இடம் குறைவு, எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் அறிவை அந்தக் கோட்டால் அளக்க முடியாது.

2024 நீட் தேர்வில் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்திப் பார். முதலில் 67 பேர் 720க்கு 720 என்று வந்தது. அதில் 44 பேருக்கு முழு மார்க் வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு இயற்பியல் கேள்வி. பழைய பாடப்புத்தகத்தைப் படித்தவர்களுக்கு வேறு விடை வருகிறது என்பதால் இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒரு விடைதான் சரி என்றதும், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மார்க் குறைந்தது. எல்லாத் திருத்தமும் முடிந்தபோது முழு மார்க் வாங்கியவர்கள் 17 பேர். ஒரு கேள்வி, தம்பி. அந்த நான்கு லட்சம் பேரும் முந்தின நாள் எவ்வளவு படித்திருந்தார்களோ அவ்வளவேதான் மறுநாளும் படித்திருந்தார்கள்.

மார்க்கை மட்டும் பார்க்காமல் ஆட்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிற இடத்திலும் இதுதான் நிலைமை. இதை நான் என் கண்ணால் பார்த்தவன். ஒரு வருடம் கடைசியாக ஓர் இடம்தான் மிச்சம், மேசைமேல் இரண்டு கோப்புகள், ஒரு பையன், ஒரு பெண், மார்க் ஏறக்குறைய ஒன்றே. மாலை ஆறு மணி இருக்கும். காலையிலிருந்து படித்துப் படித்துக் கண் எரிந்தது. பையனுக்கு ஆசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதம் ஒன்றரைப் பக்கம். அந்தப் பெண்ணுக்கு நாலே வரி, எழுதியவர் ஏதோ அவசரத்தில் இருந்திருக்க வேண்டும், கையெழுத்துகூட வரியை விட்டு இறங்கிப் போயிருந்தது. குழுவில் இரண்டு பேர் பையன் என்றார்கள், நானும் இன்னொருவரும் வாய் திறக்கவில்லை, தலைவர் பையன் பெயரில் டிக் போட்டார். மறுநாள் காலை கோப்புகளை அடுக்கும்போது அந்தப் பெண்ணின் விண்ணப்பம் கை தவறி விரிந்தது. கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு கோட்டுக் காகிதம் இணைத்திருந்தாள். வீட்டுக் குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு மாதம் காலையும் மாலையும் அளந்து, வரைபடம் போட்டு, எந்த நேரத்தில் அழுத்தம் குறைகிறது என்று பென்சிலில் குறித்திருந்தாள். முந்தின நாள் மாலை எங்களில் ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. பட்டியல் அதற்குள் போய்விட்டது. அந்தப் பெண்ணிடம் ‘உன்னிடம் குறையில்லை, நாங்கள்தான் பார்க்கவில்லை’ என்று சொல்ல எனக்கு வழியே இருக்கவில்லை. அதைத்தான் இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் மருத்துவக் கல்லூரி இடங்களைப் பல பத்தாண்டுகள் குலுக்கல் முறையில்தான் கொடுத்தார்கள். நல்ல மார்க் வாங்கியவருக்கு வாய்ப்பு அதிகம், ஆனாலும் குலுக்கல்தான். தகுதியுள்ளவர்கள் இடத்தைவிடப் பல மடங்கு இருக்கும்போது, அவர்களுக்குள்ளே துல்லியமாகத் தரம் பிரிக்க முடியும் என்று பாசாங்கு செய்யாத முறை அது. 2017இல் அதைக் கைவிட்டு நேர்காணல், தேர்வு என்று போனார்கள். 2023இலிருந்து குலுக்கலும் வைத்துக்கொள்ளலாம் என்று மறுபடி அனுமதித்திருக்கிறார்கள். குலுக்கலில் பெயர் வராத பிள்ளை ‘எனக்கு அதிர்ஷ்டம் இல்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அரை மார்க்கில் வெளியே நிற்கிற நீயும் கிட்டத்தட்ட அதே குலுக்கலில்தான் நின்றாய், ஆனால் உன்னைச் ‘சோம்பேறி’ என்று நீயே திட்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. திட்டிக்கொள்ளாதே.

கேள்வி: விருப்பப் பட்டியலில் ரொம்பப் போட்டியுள்ள கல்லூரியை முதலில் போட்டால், அது கிடைக்காமல் போகும்போது இரண்டாவதும் கைவிட்டுப் போய்விடும், அதனால் நிச்சயம் கிடைக்கிறதை முதலில் போடு என்கிறாள் தோழி. எதைச் செய்வது?
– மாணவி

பதில்: உங்கள் கவுன்சலிங் எந்த முறையில் நடக்கிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும், தோழி சொல்வது ஒரு முறைக்குச் சரி, இன்னொன்றுக்குத் தவறு.

1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்ன முறை இப்படி: மாணவர் எல்லோரும் தங்கள் முதல் விருப்பத்தைத் தட்டுவார்கள். கல்லூரி தன் இடங்களுக்கு ஏற்ற அளவில் தகுதியானவர்களை ‘இப்போதைக்கு’ என்று பிடித்து வைத்துக்கொள்ளும், மீதிப் பேரை அனுப்பிவிடும். அனுப்பப்பட்டவர்கள் இரண்டாவது விருப்பத்தைத் தட்டுவார்கள். அங்கே ஏற்கெனவே பிடித்து வைத்தவர்களைவிட இவர்களுக்குத் தகுதி அதிகமாக இருந்தால் பழையவர் வெளியே போவார், இவர் உள்ளே வருவார். யாரும் நகர வேண்டியதில்லை என்று ஆகும்வரை இது ஓடும். இந்த முறையில் முதலில் எதைப் போட்டாய் என்பதால் இரண்டாவதில் உனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. மனசுக்கு எது பிடிக்குமோ அதை அப்படியே வரிசையாகப் போட்டுவிடலாம். ஷாப்லியும், இதை நிஜ உலகில் நடைமுறைப்படுத்திய ஆல்வின் ராத்தும் 2012இல் பொருளாதார நோபல் வாங்கினார்கள். கேல் அதற்கு நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

தோழி பயப்படுகிற முறையும் இருக்கிறது. பாஸ்டன் நகரத்துப் பள்ளிகளில் 2005 வரை முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே முதலில் இடத்தை நிரப்பி, அதை நிரந்தரமாகவும் ஆக்கிவிடுவார்கள். இரண்டாவதாகப் போட்ட நல்ல பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கூட்டம் போட்டு எதை முதலில் எழுதுவது என்று தந்திரம் பேசிக்கொண்டார்கள், விவரம் தெரியாதவர்களின் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். அதனால்தான் அதை மாற்றினார்கள்.

ஆகவே விதிமுறைப் புத்தகத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடு: இடம் ஒதுக்கும்போது ரேங்க் முதலில் பார்க்கப்படுகிறதா, எத்தனையாவது விருப்பம் என்பது முதலில் பார்க்கப்படுகிறதா? ரேங்க் முதலில் என்றால் பயப்படாமல் ஆசைப்படி எழுது. அப்புறம், இத்தனை கல்லூரிதான் போடலாம் என்று எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால், கடைசி இரண்டு மூன்று இடங்களை நிச்சயம் கிடைக்கிறவற்றுக்கு ஒதுக்கிவிடு. பட்டியல் நீளமாகப் போட்டுத் தோற்றவர்களைவிட, நம்பிக்கையில் குட்டையாகப் போட்டு வெறுங்கையோடு நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். போய்ப் படிக்க மனமே இல்லாத ஒன்றை மட்டும் எந்த இடத்திலும் போடாதே.

கேள்வி: மகனுக்கு வெயிட்டிங் லிஸ்ட் வந்திருக்கிறது. காத்திருக்கலாமா?
– ஒரு தந்தை

பதில்: காத்திருங்கள், ஆனால் வேறு ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டுக் காத்திருங்கள். 500 இடம் உள்ள கல்லூரிக்கு, இடம் கிடைத்தவர்களில் பாதிப் பேர் வேறு எங்காவது போய்விடுவார்கள் என்று அனுபவத்தில் தெரியும், அதனால் 1,000 பேருக்குக் கடிதம் அனுப்பும். அந்தக் கணிப்பு பத்து இருபது பிசகும். குறைந்தால் நிரப்பத்தான் காத்திருப்போர் பட்டியல். ஒரு வருடம் அறுபது பேரைக் கூப்பிட்ட கல்லூரி அடுத்த வருடம் ஒருவரைக்கூடக் கூப்பிடாது, இரண்டுமே சகஜம். உங்கள் மகன் இன்னும் அங்கே வர விரும்புகிறான் என்று ஒரு சின்னக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். தினமும் ஃபோன் செய்வது உதவாது.

கேள்வி: மார்க் மட்டும் பார்த்தால் போதாதா? கட்டுரை, விளையாட்டு, நேர்காணல் என்று வைப்பது பணக்காரப் பிள்ளைகளுக்குத்தானே வசதி?
– ஆசிரியை ஒருவர்

பதில்: உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது டீச்சர். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நுழைவுத் தேர்வு மார்க் வாங்கிய பிள்ளைகளில், வருமானத்தில் உச்சியில் உள்ள ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்டு, யேல் போன்ற கல்லூரிகளில் சேர்வது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்று வந்தது. அப்பா அம்மா அங்கே படித்தவர்கள் என்பதற்குச் சலுகை, விளையாட்டுக்குச் சலுகை, பெரிய பள்ளிகளின் பலமான பரிந்துரைக் கடிதங்கள், இவைதான் முக்கியக் காரணங்கள்.

ஆனால் மார்க்கும் சுத்தமான தராசு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பயிற்சி வகுப்புக்குப் போக முடிந்த பிள்ளை வாங்கிய 95க்கும், தங்கையைப் பார்த்துக்கொண்டே படித்த பிள்ளை வாங்கிய 91க்கும் இடையே எது பெரியது என்று உங்களைப் போல வகுப்பில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு வேண்டுகோள். பரிந்துரைக் கடிதம் கேட்டு ஒரு பிள்ளை வந்தால் நாலு வரியில் முடித்துவிடாதீர்கள். ‘நல்ல மாணவி, ஒழுக்கமானவள்’ என்று எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அந்தப் பிள்ளை ஒரு நாள் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். ஆறு மணிக்கு அசந்துபோய் உட்கார்ந்திருக்கிற ஒருவரை நிமிர வைக்கப் பல நேரம் அந்த ஒரு பத்தி போதும்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் ‘சீட் நிச்சயம்’ என்று பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கொடுக்காதீர்கள். முறையாக நடக்கிற சேர்க்கையில் நிச்சயம் என்று சொல்ல யாராலும் முடியாது, முறைகேடாகத்தான் முடியும், மாட்டினால் போவது பிள்ளையின் இடம். அமெரிக்காவில் வில்லியம் ரிக் சிங்கர் என்பவர் விளையாட்டு வீரர்கள் என்று பொய்யாகக் காட்டியும், தேர்வில் ஆள்மாறாட்டம் செய்தும் பணக்காரப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளில் நுழைத்தது 2019இல் வெளியே வந்தது. பணம் கொடுத்த பெற்றோர் பலர் சிறைக்குப் போனார்கள், 2023இல் அவருக்கும் மூன்றரை வருடம் கிடைத்தது. விண்ணப்பம் நிரப்ப, தேதி நினைவுபடுத்த ஆள் வேண்டுமென்றால் பள்ளியிலேயே ஒரு ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: பெரிய கல்லூரி கிடைக்கவில்லை என்று மகன் ஒரு வாரமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. ‘என் வாழ்க்கை முடிந்தது’ என்கிறான். கிடைத்திருக்கிற கல்லூரி சுமாரானது இல்லை, நல்லதுதான். என்ன சொல்லித் தேற்றுவது?
– ஒரு தாய்

பதில்: முதல் இரண்டு நாள் எதையும் சொல்லித் தேற்ற வேண்டாம் அம்மா, அவன் இழந்தது அவனுக்குப் பெரியது. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சாப்பாடு தூக்கம் இல்லாமல் போனாலோ, உயிரை விடுவது போலப் பேசினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேசுகிற நிலைக்கு வந்த பிறகு ஒரு ஆய்வைச் சொல்லுங்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பேர், 1976இல் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களைப் பல வருடம் கழித்துப் பார்த்து 2002இல் எழுதியது. அதிகப் போட்டியுள்ள கல்லூரியில் படித்தவர்கள் அதிகம் சம்பாதித்தது உண்மைதான். ஆனால் அதேபோன்ற கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, அதேபோல இடம் கிடைத்தும், போட்டி குறைந்த கல்லூரியில் போய்ப் படித்தவர்களோடு ஒப்பிட்டபோது சம்பளம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கல்லூரியைவிட, அந்தப் பிள்ளை கொண்டுவந்த ஆசையும் உழைப்பும்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது. நேர்மையாக மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே பலன் தந்தது, வீட்டில் கிடைக்காத அறிமுகங்கள் அங்கே கிடைப்பதால் இருக்கலாம். முன்பு சொன்ன செட்டி குழுவின் ஆய்விலும் சராசரிச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை, ஆனால் மிக உயர்ந்த பதவிகளின் வாசலுக்குப் போகும் வாய்ப்பு அந்தச் சில கல்லூரிகளில் கூடுதல் என்று வந்தது. எனவே ‘எந்தக் கல்லூரியானால் என்ன’ என்று அவனிடம் சொல்லாதீர்கள், அது உண்மையும் அல்ல, அவன் நம்பவும் மாட்டான். இழந்தது ஒரு வசதி, அதை வேறு வழியில் தேடிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

எப்படித் தேடுவது என்றும் கேட்பான். முதல் செமஸ்டரிலேயே தனக்குப் பிடித்த பாடத்தில் ஒரு ஆசிரியரின் அறைக்கதவைத் தட்டி, ‘நீங்கள் செய்கிற வேலையில் நானும் ஏதாவது செய்யலாமா’ என்று கேட்கட்டும். பெரிய கல்லூரியில் அந்தக் கதவுக்கு வெளியே இருபது பேர் நிற்பார்கள், அவனுடைய கல்லூரியில் மூன்று பேர் நிற்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு அவசர வேலை இருக்கிறது அம்மா. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று தெரிவிக்க ஒரு கடைசித் தேதி இருக்கும். அவன் இருக்கிற மனநிலையில் அந்தக் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இன்றைக்கே அவனிடம் கேட்டு வாங்கி, தேதியைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.